நட்சத்திரத்தை முதலில் பாருங்கள்

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. கும்ப ராசி மண்டலத்தின் பக்கம், சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில், டிராப்பிஸ்ட்-1 என்றொரு நட்சத்திரம் இருக்கிறது. அதை ஏழு கோள்கள் சுற்றுகின்றன. ஏழும் ஏறக்குறைய பூமியின் அளவு. 2017 பிப்ரவரியில் இந்தச் செய்தி வெளியானபோது, கடலும் மேகமும் பனியுமாக ஏழு உலகங்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அவை ஓவியர்கள் கற்பனையில் வரைந்தவை. அந்தக் கோள்களில் ஒன்றைக்கூட ஒரு புள்ளியாகவாவது தனித்துப் பார்த்தவர் இன்றுவரை யாரும் இல்லை.

பிறகு அவற்றின் அளவும் எடையும் எப்படித் தெரிந்தது? எல்லாம் நட்சத்திரத்தின் வழியாகத்தான். கோள் எவ்வளவு பெரியது என்றால், நட்சத்திரத்தில் இத்தனையில் ஒரு பங்கு என்று விடை வருகிறது. எவ்வளவு சூடு என்றால், நட்சத்திரம் எவ்வளவு ஒளி தருகிறது என்பதைப் பொறுத்தது. காற்று இருக்கிறதா என்றால், நட்சத்திர ஒளியில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். நட்சத்திரத்தைப் பற்றிய கணக்கு பிசகினால் ஏழு கோள்களின் கணக்கும் பிசகும். அதனால் கோள்களைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு, நட்சத்திரத்திடமிருந்து தொடங்குவோம்.

டிராப்பிஸ்ட்-1 ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரம். நம் பால்வெளியில் உள்ள நட்சத்திரங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி இந்த இனம்தான். ஆனாலும் இவற்றில் ஒன்றைக்கூட வெறும் கண்ணால் பார்க்க முடியாது. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியும் ஒரு சிவப்புக் குள்ளன்தான். அதையே 1915 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரவு வானத்தில் நாம் காணும் நட்சத்திரங்கள் பெரியவை, பிரகாசமானவை, சிறுபான்மையினர். பெரும்பான்மை நம் கண்ணுக்கு எட்டாமல் இருக்கிறது.

டிராப்பிஸ்ட்-1 அந்தக் குள்ளர்களிலும் கடைக்குட்டி. இருட்டில் கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நட்சத்திரத்தை விடவும் இது லட்சம் மடங்குக்கு மேல் மங்கல். வானம் முழுவதையும் அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்த ஒரு கணக்கெடுப்பில் 1999-ல்தான் இது அகப்பட்டது. அகச்சிவப்பில் ஏன் அகப்பட்டது என்பது நட்சத்திரத்தின் வெப்பநிலையோடு சம்பந்தப்பட்டது. அதற்குச் சற்றுப் பொறுத்து வருவோம். முதலில் எடையும் அளவும்.

இதன் நிறை சூரியனின் நிறையில் சுமார் 9 சதவீதம். வியாழன் கோளோடு ஒப்பிட்டால் சுமார் 94 மடங்கு. குறுக்களவைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வியாழனை விட ஐந்தில் ஒரு பங்குகூடப் பெரிதில்லை. 94 வியாழன்களின் பொருளை ஏறக்குறைய ஒரே வியாழனின் இடத்துக்குள் அடைத்தது போன்ற நட்சத்திரம் இது. அதன் அடர்த்தி சூரியனின் சராசரி அடர்த்தியைப் போல 50 மடங்குக்கும் மேல். அதிலிருந்து சராசரியாக ஒரு லிட்டர் அளந்து எடுக்க முடிந்தால் சுமார் 75 கிலோ இருக்கும். ஒரு லிட்டர் தங்கமே 19 கிலோ சொச்சம்தான்.

பொருள் கூடக் கூட உருவமும் பெருக வேண்டாமா என்று கேட்பீர்கள். பாறையிலோ மண்ணிலோ அப்படித்தான். ஒரு பெரிய வாயுப் பந்தில் நிறை கூடினால் ஈர்ப்பும் கூடுகிறது. ஈர்ப்பு கூடினால் பந்து தன்னைத்தானே இன்னும் இறுக்கிக்கொள்கிறது. சேர்க்கும் பொருளெல்லாம் அளவைக் கூட்டாமல் அடர்த்தியைக் கூட்டுகிறது. எல்லையில்லாமல் இறுகிவிடாதபடி உள்ளிருந்து தள்ளுவது வெப்பம் தரும் அழுத்தம். அதோடு எலக்ட்ரான்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்க மறுப்பதால் வரும் அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. இறந்துபோன நட்சத்திரங்களான வெண் குள்ளர்களைத் தாங்கி நிற்பது இந்த இரண்டாவது அழுத்தம்தான். அதற்கும் ஓர் எல்லை உண்டென்று 1930-களில் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். உயிரோடிருக்கும் நட்சத்திரங்களில் மிகச் சிறியவற்றிலும் அதே இயற்பியல் எட்டிப் பார்க்கிறது.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான கோடு இருக்கிறது. நட்சத்திரம் என்றால் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக வேண்டும். அந்த ஆற்றலில் அது நிலையாக ஒளிர வேண்டும். அதற்கு மையம் போதிய அளவு சூடாக வேண்டும். நிறை குறைந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் எலக்ட்ரான் அழுத்தம் முந்திக்கொண்டு சுருக்கத்தை நிறுத்திவிடும். மையம் தேவையான சூட்டை எட்டாது. அந்தக் கட்டம் சூரியனின் நிறையில் சுமார் 7 அல்லது 8 சதவீதத்தில் வருகிறது. இதை 1960-களின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் காட்டியவர் இந்தியாவில் பிறந்த வானியலாளர் சிவ் குமார். கோட்டுக்குக் கீழே உள்ளவை பழுப்புக் குள்ளர்கள். அவை பிறந்த சூட்டை இழந்து மெல்ல ஆறிப்போகும். 9 சதவீதத்தில் நிற்கும் டிராப்பிஸ்ட்-1 கோட்டுக்குச் சற்றே மேலே கால் வைத்துவிட்டது. அந்தச் சிறிய வித்தியாசம் அதற்கு எவ்வளவு நீண்ட ஆயுளைக் கொடுத்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது வெப்பநிலை. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். டிராப்பிஸ்ட்-1 சுமார் 2,300 டிகிரி. நம் வீடுகளில் முன்பு தொங்கிய குண்டு பல்பை நினைத்துப் பாருங்கள். அதன் டங்ஸ்டன் இழை எரியும்போது ஏறக்குறைய 2,400 டிகிரி இருக்கும். அதாவது இந்த நட்சத்திரம் அந்த இழையை விடவும் சற்றுக் குளிர்ச்சி! சிவப்பு என்று பெயர் இருந்தாலும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்காது. குண்டு பல்பு வெளிச்சத்தைப் போல, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒளியாகத்தான் தெரியும்.

குண்டு பல்பை நாம் ஏன் கைவிட்டோம்? மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாகாமல் சூடாகப் போனதால். இந்த நட்சத்திரத்தின் கதையும் அதுவே. பொருள் குளிரக் குளிர அது உமிழும் கதிர் நீண்ட அலைப்பக்கம் நகரும். சூரிய ஒளியின் உச்சம் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் விழுகிறது. டிராப்பிஸ்ட்-1 உமிழும் ஒளியின் உச்சம் ஒரு மைக்ரானுக்கும் அப்பால், அகச்சிவப்பில் விழுகிறது. அதனால்தான் சாதாரணத் தொலைநோக்கிக்கு மங்கிக் கிடந்தது அகச்சிவப்புக் கணக்கெடுப்பில் தெரிந்தது. எல்லா அலைகளையும் சேர்த்துக் கூட்டினாலும் அதன் மொத்த ஒளி சூரியனில் சுமார் 1,800-ல் ஒரு பங்குதான். மேற்பரப்பும் சிறியது, சூடும் குறைவு. இரண்டும் சேர்ந்து இப்படி ஆகிறது.

சூடு குறைந்த மேற்பரப்பில் இன்னொரு விந்தை நடக்கிறது. சூரியனின் வெப்பத்தில் பெரும்பாலான மூலக்கூறுகள் பிய்ந்து அணுக்களாகிவிடும். 2,300 டிகிரியில் சில மூலக்கூறுகள் பிழைத்துக்கொள்ளும். டைட்டானியம் ஆக்ஸைடு பிழைக்கும், நீராவியும் பிழைக்கும். ஆம், இந்த வகை நட்சத்திரங்களின் வளிமண்டலத்தில் நீராவி இருக்கிறது. அவற்றின் நிறமாலையில், அகச்சிவப்புப் பகுதியில், நீராவி ஒளியை உறிஞ்சிய அகலமான பள்ளங்கள் தெரிகின்றன. இதை மறந்துவிடாதீர்கள். கோள்களில் தண்ணீர் தேடப் போகும்போது இதே விஷயம் குறுக்கே வந்து நிற்கும்.

உள்ளே போவோம். சூரியனின் மையத்தில் உண்டாகும் ஆற்றல் முதலில் கதிர்வீச்சாகவே மெல்ல மெல்ல வெளியே வருகிறது. மேலடுக்குகளில் மட்டும்தான் வாயு கொதித்துப் புரள்கிறது. மையமும் மேலடுக்கும் கலப்பதில்லை. அதனால் சூரியன் தன்னிடமுள்ள ஹைட்ரஜனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை எரித்ததுமே மையத்தில் எரிபொருள் தீர்ந்து முதுமைக்குப் போய்விடும். வெளியே எவ்வளவு ஹைட்ரஜன் மிச்சமிருந்தாலும் மையத்துக்கு அது வந்து சேராது.

சூரிய நிறையில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே உள்ள குள்ளர்களில் மேலிருந்து மையம் வரை முழு நட்சத்திரமும் புரள்கிறது. சூடான வாயு மேலே வந்து, ஆறி, மறுபடி கீழே இறங்குகிறது. மையத்தில் உண்டான ஹீலியம் எங்கும் பரவுகிறது. விளிம்பில் இருந்த ஹைட்ரஜன் மையத்துக்கு வந்து சேருகிறது. கிட்டத்தட்ட முழு இருப்பையும் எரிக்க முடியும், அதையும் மிகச் சிக்கனமாக. டிராப்பிஸ்ட்-1 இப்படி ஏறத்தாழ 10 லட்சம் கோடி ஆண்டுகள் எரியும் என்று கணக்கிடுகிறார்கள். பிரபஞ்சத்தின் இன்றைய வயதே 1,380 கோடி ஆண்டுதான். சூரியன் அணைந்து, அதற்குப் பிறகு பிறக்கும் சூரியன்களும் அணைந்த பின்னும் இது இதே வெளிச்சத்தில் நிற்கும். கோட்டுக்குச் சற்று மேலே கால் வைத்ததன் பலன் இது.

இதன் இப்போதைய வயது சுமார் 760 கோடி ஆண்டு என்று 2017-ல் மதிப்பிட்டார்கள். 220 கோடி ஆண்டு முன்பின் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 460 கோடி ஆண்டு வயதுள்ள நம் சூரியனை விட மூத்தது என்பதற்கே வாய்ப்பு அதிகம். தன் ஆயுளோடு ஒப்பிட்டால் அது இன்னும் கைக்குழந்தை.

நீண்ட ஆயுள், நிலையான வெளிச்சம். உயிர் தழைக்க இதைவிட நல்ல இடம் எது என்று தோன்றும். அவசரப்படாமல் அதன் குணத்தையும் பார்த்துவிடுவோம். முழுவதும் புரளும் வாயுவும் வேகமான சுழற்சியும் சேர்ந்தால் வலுவான காந்தப்புலம் உண்டாகும். நம் சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி ஒரு முறை சுற்ற சுமார் 25 நாள் எடுக்கிறது. டிராப்பிஸ்ட்-1 சுமார் 3.3 நாளில் சுற்றிவிடுகிறது. காந்தக் கோடுகள் முறுக்கி, அறுந்து, மீண்டும் இணையும்போது திடீர்ப் பிழம்பு வெடிப்புகள் நிகழ்கின்றன. கெப்ளர் விண்தொலைநோக்கி 80 நாள் எடுத்த பதிவில் 42 வெடிப்புகளை எண்ணினார்கள். இரண்டு நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மொத்த ஒளியில் சூரியனின் 1,800-ல் ஒரு பங்கே உள்ள இந்த நட்சத்திரம், எக்ஸ் கதிரை மட்டும் அமைதியாக இருக்கும் சூரியன் அளவுக்கே உமிழ்கிறது. இதை எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கி அளந்தது. கோள்களோ அதற்கு மிக அருகில் இருக்கின்றன. அடுப்பின் சூடு குறைந்தால் குளிர்காய நெருங்கித்தானே உட்கார வேண்டும்? இதமான வெப்பம் கிடைக்கும் தூரத்தில் இருக்கும் கோள், அதே நெருக்கத்தால் பூமி வாங்குவதைப் போலப் பல நூறு மடங்கு எக்ஸ் கதிரையும் வாங்கிக்கொள்கிறது. இந்தக் கதிர்கள் ஒரு கோளின் மேல்காற்றைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விண்வெளிக்கு விரட்டக்கூடியவை.

அதன் இளமைக்காலம் இன்னும் கடுமை. ஒரு நட்சத்திரம் பிறந்ததும் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு நிலையான அளவை அடையும். சுருங்கும் காலத்தில் அது பின்னாளில் இருப்பதை விடப் பிரகாசமாக இருக்கும். சூரியனுக்கு அந்தப் பருவம் சுமார் 5 கோடி ஆண்டில் முடிந்துவிட்டது. டிராப்பிஸ்ட்-1 போன்ற குட்டிக் குள்ளனுக்கு அது ஏறத்தாழ 100 கோடி ஆண்டு நீள்கிறது. இன்று இதமான தூரத்தில் இருக்கும் கோள்கூட, அந்தக் காலத்தில் வெந்துகொண்டிருந்திருக்கும். தண்ணீர் இருந்திருந்தால் ஆவியாகி, நீராவியும் புற ஊதாக் கதிரால் உடைந்து, ஹைட்ரஜன் தப்பிப் போயிருக்கலாம். முதலில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதைப் பொறுத்தே மிச்சம் இருக்கிறதா என்பது அமையும்.

இப்போது கோள்களை அழைக்கலாம். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் ஜியோன் குழு, மிகச் சிறிய நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்துக் கண்காணித்ததற்குக் காரணம் ஓர் எளிய வகுத்தல் கணக்கு. கோள் தன் நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்கும்போது ஒளி சற்றுக் குறையும். எவ்வளவு குறையும் என்பது இரண்டின் பரப்புகளின் விகிதம். பூமி சூரியனைக் கடப்பதைத் தூரத்திலிருந்து யாராவது பார்த்தால் ஒளி 0.0084 சதவீதம் குறையும், கண்டுபிடிப்பது பெரும்பாடு. பூமியை விடச் சற்றே பெரிய ஒரு கோள் டிராப்பிஸ்ட்-1-ஐக் கடந்தால் ஒளி 0.7 சதவீதம் குறைகிறது. சிலியின் லா சில்லாவில் இருந்த வெறும் 60 செ.மீ. கண்ணாடி கொண்ட டிராப்பிஸ்ட் தொலைநோக்கிக்கே அது எட்டியது. நட்சத்திரம் சிறியதாக இருந்ததே கண்டுபிடிப்புக்கு வழி செய்தது.

2015-ன் கடைசி மாதங்களில் அந்தக் குறைவுகளைப் பார்த்தார்கள். சரிபார்க்கப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. அவற்றில் ஒன்று லடாக்கின் ஹான்லேயில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் மையம் நடத்தும் அந்தக் கருவிக்குச் சந்திரசேகரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2016 மே மாதம் மூன்று கோள்கள் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டே ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி ஏறக்குறைய 20 நாள் தொடர்ந்து கண் எடுக்காமல் பார்த்தது. மூன்றாவது என்று நினைத்திருந்தது பல கோள்களின் நிழல்கள் கலந்த குழப்பம் என்று அப்போது புரிந்தது. 2017-ல் ஏழு என்று கணக்கு முடிந்தது. பி முதல் எச் வரை எழுத்துகளால் அவற்றைக் குறிக்கிறார்கள்.

அந்த நிழல்கள் நட்சத்திரத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கின்றன. பி கோள் ஒரு சுற்றை சுமார் 36 மணி நேரத்தில் முடிக்கிறது. நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்க சுமார் 36 நிமிடம் எடுக்கிறது. சுற்றுக்காலத்தையும் கடக்கும் நேரத்தையும் வைத்து, கோளின் பாதை நட்சத்திரத்தின் ஆரத்தைப் போல எத்தனை மடங்கு என்று கணக்கிட முடியும். கெப்ளரின் மூன்றாம் விதியில் அதைப் பொருத்தினால் நட்சத்திரத்தின் சராசரி அடர்த்தி வந்து விழும். சூரியனைப் போல 50 மடங்குக்கும் மேல் என்று முன்பு சொன்னேனே, அதை இந்தக் கோள்களின் நிழல்தான் சொல்லிக்கொடுத்தது. தூரம் தெரிந்தால் மொத்த ஒளி தெரியும். ஒளியிலிருந்து நிறையை மதிப்பிடலாம். நிறையும் அடர்த்தியும் சேர்ந்தால் ஆரம் வரும். ஆரமும் ஒளியும் சேர்ந்தால் வெப்பநிலை வரும். அந்த ஆரத்தைக் கொண்டுதான் கோள்களின் அளவுக்குத் திரும்புகிறோம்.

கோள்களின் எடை வேறு வழியில் கிடைத்தது. ஏழும் நம் புதனின் பாதைக்குள்ளேயே, அதில் ஆறில் ஒரு பங்கு தூரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு சுற்றுகின்றன. வெளியே உள்ள எச் கோளின் ஆண்டே 18.8 நாள்தான். அடுத்தடுத்த கோள்களின் சுற்றுக்காலங்கள் மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று என்பது போன்ற எளிய விகிதங்களில் பூட்டிக் கிடக்கின்றன. எச்-இன் சுற்றுக்காலத்தை இந்த விகிதங்களைக் கொண்டே முன்கூட்டிக் கணித்தார்கள். கெப்ளர் தரவில் தேடியபோது அப்படியே இருந்தது. இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று இழுப்பதால் கடப்புகள் சில நிமிடம் முந்தியும் பிந்தியும் நிகழ்கின்றன. அந்தத் தாமதங்களிலிருந்து ஒவ்வொன்றின் நிறையையும் பிரித்தெடுத்தார்கள். 2021-ல் வெளியான கணக்கின்படி ஏழின் அடர்த்தியும் ஒரே போக்கில் அமைகிறது. பூமியைப் போன்ற கலவையை விட சுமார் 8 சதவீதம் குறைவு. இரும்பு சற்றுக் குறைவாக இருக்கலாம், அல்லது வேறு இலகுவான பொருள் கலந்திருக்கலாம். எப்படியும் அவை பாறைக் கோள்கள்.

அவற்றில் இ கோளின் மேல் நின்றால் வானம் எப்படி இருக்கும்? நட்சத்திரம் நம் சூரியனைப் போல நான்கு மடங்கு அகலமாகத் தெரியும். பூமிக்குக் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 65 சதவீதம் அங்கு கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி அகச்சிவப்பு என்பதால் உடம்பில் சூடு உறைக்கும், கண்ணுக்கு வெளிச்சம் குறைவாக இருக்கும். பக்கத்துக் கோள்கள் நெருங்கி வரும்போது நம் நிலா அளவுக்கு வானில் தெரியும். அநேகமாக அந்தக் கோள் எப்போதும் ஒரே முகத்தை நட்சத்திரத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாதியில் தீராத பகல், மறுபாதியில் தீராத இரவு. அடர்ந்த காற்று இருந்தால்தான் பகல்பக்கச் சூட்டை இரவுப்பக்கத்துக்குச் சுமந்து செல்ல முடியும். ஆகவே எல்லாக் கேள்வியும் ஒரே கேள்வியில் வந்து முடிகிறது: காற்று இருக்கிறதா?

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இதற்காகவே திருப்பப்பட்டது. 2023-ல் பி கோளின் பகல்பக்க வெப்பம் சுமார் 230 டிகிரி செல்சியஸ் என்று அளந்தார்கள். சூட்டைப் பரப்பக் காற்று இல்லாத வெறும் பாறை என்றால் எவ்வளவு இருக்க வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அதே ஆண்டு சி கோளில் சுமார் 110 டிகிரி வந்தது. வெள்ளியைப் போன்ற கனத்த கரியமில வாயுப் போர்வை அங்கு இல்லை. 2025-ல் டி கோளில் பூமியைப் போன்ற வளிமண்டலத்துக்கான அறிகுறி இல்லை என்று முடிவு வந்தது. நட்சத்திரத்தின் கடுமையான இளமையையும் எக்ஸ் கதிரையும் பார்த்த நமக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது. மிச்சமிருக்கும் நம்பிக்கை இ, எஃப், ஜி மேல் நிற்கிறது. அவற்றில் அளக்க வசதியானது இ.

இங்கேதான் முன்பு மறந்துவிடாதீர்கள் என்று சொன்ன நீராவி வருகிறது. கோளின் காற்றைத் தேடும் முறை இதுதான்: கோள் கடக்கும்போது எந்தெந்த அலைநீளத்தில் ஒளி சற்றுக் கூடுதலாகக் குறைகிறது என்று பார்ப்பது. கூடுதலாகக் குறைந்த இடத்தில் அந்தக் கோளின் வாயு ஒளியை விழுங்கியது என்று பொருள். நட்சத்திரத்தின் முகம் எங்கும் ஒரே சீராக இருந்தால் இது நேர்மையான முறை. டிராப்பிஸ்ட்-1-இன் முகத்தில் குளிர்ந்த கரும்புள்ளிகளும் சூடான திட்டுகளும் உண்டு. கோள் அந்த முகத்தின் ஒரு கீற்றை மட்டுமே கடக்கிறது. அந்தக் கீற்றில் புள்ளிகள் குறைவாகவும் மற்ற இடத்தில் அதிகமாகவும் இருந்தால், மறைந்த ஒளியும் மிச்ச ஒளியும் வேறு வேறு குணம் கொண்டவையாகிவிடும். புள்ளிகளில் உள்ள நீராவியின் தடம், கோளில் நீராவி இருப்பதைப் போலவே வேடம் போடும். நம் சூரியனின் கரும்புள்ளிகளுக்குள்ளேயே நீராவி இருப்பதை 1995-ல் கண்டார்கள். அப்படியிருக்க, சூரியனின் வெப்பத்தில் பாதிக்கும் குறைவாக உள்ள டிராப்பிஸ்ட்-1-ஐக் கேட்க வேண்டுமா? கன்னி ராசி மண்டலத்தில் உள்ள இன்னொரு சிவப்புக் குள்ளனைச் சுற்றும் ஜிஜே 486 பி என்ற கோளிலும் 2023-ல் வெப் தொலைநோக்கி நீராவியின் தடத்தைக் கண்டது. அது கோளுடையதா, நட்சத்திரப் புள்ளிகளுடையதா என்று பிரிக்க முடியாமல் இரண்டு சாத்தியங்களையும் அந்த ஆய்வு முன்வைத்தது.

இ கோளின் முதல் நான்கு கடப்புகளின் முடிவுகள் 2025 செப்டம்பரில் வந்தன. ஒவ்வொரு கடப்பிலும் நட்சத்திரத்தின் முகம் மாறியிருந்தது. அந்தக் கறையை நீக்குவதே பெரிய வேலையாக இருந்தது. வெள்ளி, செவ்வாய் போன்ற கரியமில வாயு மண்டலத்துக்கு வாய்ப்புக் குறைவு என்பது வரை சொல்ல முடிந்தது. நைட்ரஜன் மிகுந்த காற்றா, வெறும் பாறையா என்பது தீரவில்லை.

அடுத்து அவர்கள் கையாளும் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. பி கோள் வெறும் பாறை என்று ஏறக்குறைய தெரிந்துவிட்டது. காற்றே இல்லாத ஒரு கோள் கடக்கும்போது நிறமாலையில் ஏதாவது தடம் தெரிந்தால், அது முழுக்க நட்சத்திரத்தினுடையது. ஆகவே பி-யும் இ-யும் அடுத்தடுத்து, சில மணி நேர இடைவெளியில் கடக்கும் தருணங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பி-யின் கடப்பில் நட்சத்திரத்தின் அன்றைய முகத்தைப் படித்துக்கொள்வது; இ-யின் கடப்பிலிருந்து அதைக் கழிப்பது. மிச்சம் ஏதாவது நின்றால் அது இ-யின் காற்று.

உயிர் தேடும் ஆர்வத்தில் பி-யை ஒரு வெந்த பாறை என்று ஒதுக்கியிருப்போம். காற்றில்லாத அந்தக் குறையே இப்போது அளவுகோலாகிறது. சிவப்புக் குள்ளர்கள் நட்சத்திரக் கூட்டத்தில் முக்கால்வாசி என்றால், பாறைக் கோள்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நட்சத்திரங்களைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றில் காற்று தங்குமா என்பதற்கு இந்த ஒரு குடும்பத்தில் கிடைக்கும் பதில், எண்ணற்ற குடும்பங்களைப் பற்றிய முதல் நம்பகமான பதிலாக இருக்கும். இனி ஏதாவது ஒரு தொலைதூரக் கோளில் தண்ணீர் என்று செய்தி வந்தால் கோளின் பெயரைப் படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அது எந்த நட்சத்திரத்தைச் சுற்றுகிறது, அந்த நட்சத்திரத்தின் வெப்பம் என்ன, அதன் முகத்தில் புள்ளிகள் எவ்வளவு, அதன் தடத்தை எப்படிக் கழித்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் செய்தியை நம்பலாம்.